8 நிமிடம், 35 தாவல்: அவினாஷ் சாப்ளேயின் ஓட்டத்தைப் புரிந்துகொள்ள

110 மீட்டர் தடை ஓட்டத்தில் கால் பட்டால் தடை சாய்ந்துவிடும். ஓடுபவர் கொஞ்சம் தடுமாறுவார், அவ்வளவுதான். ஸ்டீபிள்சேஸ் என்ற, தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஓட்டத்தில் தடை சாயாது. 80 முதல் 100 கிலோ வரை எடையுள்ள கனத்த கட்டை அது. குறைந்தது 3.94 மீட்டர் அகலம், ஆண்களுக்கு 91.4 சென்டிமீட்டர் உயரம், பெண்களுக்கு 76.2. மேல்சட்டம் 12.7 சென்டிமீட்டர் சதுரம், ஒரு ஆள் கால் வைத்து ஏறும் அளவுக்கு. நாலைந்து பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே நேரத்தில் தாண்டுவார்கள் என்பதால்தான் இவ்வளவு அகலமும் கனமும். முழங்கால் இடித்தால் தடை அப்படியே நிற்கும், ஆள்தான் விழுவார்.

அவினாஷ் சாப்ளேயின் பெயர் இன்று இந்தியாவில் பலருக்குத் தெரியும். 2022 காமன்வெல்த் வெள்ளி, 2023 ஆசிய விளையாட்டுத் தங்கம், பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டி என்று செய்திகளில் அடிபட்ட பெயர். ஆனால் அவருடைய 8:09.91 என்ற நேரம் ஏன் பெரியது, அதே மனிதர் சில போட்டிகளில் ஏன் 8:31 ஓடுகிறார், பாரிஸில் 11வது இடம் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ஸ்டீபிள்சேஸில் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். மீதி தடைகளிலும், கூட ஓடும் கூட்டத்திலும் இருக்கிறது.

முதலில் கணக்கு. தூரம் 3000 மீட்டர். அதில் 28 சாதாரணத் தடைகள், 7 தண்ணீர்த் தடைகள், மொத்தம் 35 தாவல்கள். மைதானத்தை முழுதாக 7 முறை சுற்ற வேண்டும்; ஒவ்வொரு சுற்றிலும் 5 தடைகள், அதில் நான்காவது தண்ணீர். தண்ணீர்க் குழி சில மைதானங்களில் வளைவின் உள்பக்கம் இருக்கும், சிலவற்றில் வெளிப்பக்கம். உள்ளே இருந்தால் ஒரு சுற்று 400 மீட்டருக்குச் சற்றுக் குறையும், வெளியே இருந்தால் கூடும். அதனால் புறப்படும் கோடு மைதானத்துக்கு மைதானம் வேறு இடத்தில் இருக்கும். புறப்பட்ட இடத்திலிருந்து முதல் சுற்று தொடங்கும் கோடு வரை தடையே கிடையாது. அந்தப் பகுதியில் வைக்க வேண்டிய தடைகளைக் கூட்டம் கடந்த பிறகுதான் உள்ளே தள்ளி வைப்பார்கள். டிவியில் பார்க்கும்போது ஓட்டம் தொடங்கிய பிறகும் ஊழியர்கள் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது இதற்காகத்தான்.

சுற்றுக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கே சாட்சி. சுற்றுகளை எண்ணியவர்கள் தவறவிட்டதால் இறுதிப் போட்டியில் எல்லோரும் ஒரு சுற்று கூடுதலாக ஓடினார்கள்.

ஒரு தடை எவ்வளவு நேரத்தைத் தின்னும்? எத்தியோப்பியாவின் லமேச்சா கிர்மாவை எடுத்துக்கொண்டால் கணக்குச் சுத்தமாக வரும். 2023 பிப்ரவரியில் அவர் உள்ளரங்கில், தடை இல்லாத 3000 மீட்டரை 7:23.81ல் ஓடினார். அதே ஆண்டு ஜூனில் பாரிஸில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸை 7:52.11ல் முடித்து உலக சாதனை படைத்தார். வித்தியாசம் 28.30 வினாடி. 35ஆல் வகுத்தால் ஒரு தடைக்கு 0.8 வினாடி. உலகத்திலேயே மிக நன்றாகத் தாண்டுகிறவர் கட்டும் வரி இது. பழக்கமில்லாதவருக்கு ஒரு தடைக்கே 2 வினாடி போகும், கடைசி இரண்டு சுற்றில் இன்னும் அதிகம்.

அந்த நேரம் போவது காற்றில் இருக்கும்போது அல்ல, தடைக்கு முன்னால். தடை நெருங்க நெருங்க, எந்தக் கால் முன்னால் வரும் என்று தெரியாமல் அடியைச் சுருக்கிச் சுருக்கி வைப்பார்கள். வேகம் அங்கேயே செத்துவிடும். இறங்கிய பிறகு பழைய வேகத்தைப் பிடிக்க மறுபடி உந்த வேண்டும். இப்படி 35 முறை பிரேக் போட்டு 35 முறை கியர் மாற்றினால் கால் என்ன ஆகும்? தேர்ந்தவர்கள் 10, 15 மீட்டர் தள்ளியிருக்கும்போதே தடையைக் கண்ணால் அளந்து, அடியைச் சற்று நீட்டியோ சுருக்கியோ சரிசெய்துவிடுவார்கள். வலது, இடது இரண்டு காலையும் முன்னால் வைத்துத் தாண்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலை மட்டும் நம்புகிறவருக்குப் பாதித் தடைகளில் அடி பொருந்தாது.

தண்ணீர்த் தடை வேறு வித்தை. தடைக்குப் பின்னால் 3.66 மீட்டர் நீளக் குழி. தடையை ஒட்டிய இடத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் ஆழம். அங்கிருந்து அடித்தளம் சரிவாக ஏறி, மறு ஓரத்தில் ஓடுதள மட்டத்தைத் தொடும். எவ்வளவு தள்ளிக் குதிக்கிறாரோ அவ்வளவு குறைந்த தண்ணீரில் கால் படும். பெரும்பாலானோர் சட்டத்தின் மேல் ஒரு காலை வைப்பார்கள். அந்த முழங்கால் நன்றாக மடங்கி இருக்க வேண்டும், உடம்பு சட்டத்தின் மேல் குனிந்தபடியே முன்னால் உருள வேண்டும், பிறகுதான் உந்தல். முழங்காலை நீட்டி நிமிர்ந்து நின்றுவிட்டால் உந்தல் மேல்நோக்கிப் போகும், ஆள் நேராகக் கீழே, ஆழமான இடத்தில் விழுவார். சரியாகச் செய்தால் ஒரு கால் மட்டும் குழியின் கடைசிப் பகுதியில் நனையும், அடுத்த அடி உலர்ந்த தரையில். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கென்யாவின் ஆமோஸ் பிவோட் குழி முழுவதையும் தாவிக் கடந்து, கால் நனையாமலே தங்கம் வாங்கினார். அதைப் பார்த்து ஆசைப்படுவது தவறில்லை. 7வது முறையும் அதே தாவலைத் தாவ முடிகிறதா என்பதுதான் கேள்வி.

விதி எளிது. தடையைத் தாண்டலாம், மேலே கால் வைக்கலாம், கையும் ஊன்றலாம். ஆனால் தடையின் பக்கவாட்டில் காலைக் கொண்டுபோய்ச் சட்டத்தின் மட்டத்துக்குக் கீழே விட்டால் தகுதி நீக்கம். தண்ணீர்க் குழியின் ஓரமாகத் தரையில் காலை வைத்தாலும் அப்படியே. தடையைத் தவறவிட்டுப் போனவர் திரும்பி வந்து தாண்டியே ஆக வேண்டும். 2017 லண்டன் உலகப் போட்டியில் கென்யாவின் பீட்ரிஸ் செப்கோச் தண்ணீர்த் தடை இருக்கும் பக்கம் திரும்ப மறந்து நேராக ஓடிவிட்டு, திரும்பி வந்து தாண்டி, நான்காவதாக முடித்தார். அடுத்த ஆண்டே 8:44.32 ஓடிப் பெண்கள் உலக சாதனை படைத்தவரும் அவரே.

இன்னொரு தொல்லை ஷூ. கூட்டத்தில் பின்னால் வருபவர் குதிகாலை மிதித்தால் ஷூ கழன்றுவிடும். 2018ல் சூரிச்சில் நடந்த டைமண்ட் லீக் (முன்னணி வீரர்கள் ஆண்டுதோறும் பல ஊர்களில் மோதும் தடகளத் தொடர்) இறுதியில் கென்யாவின் கான்செஸ்லஸ் கிப்ருடோ முதல் சுற்றிலேயே ஒரு ஷூவை இழந்து, மீதித் தூரத்தை ஒரு காலில் ஷூ இல்லாமல் ஓடி வென்றார். தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காக ஸ்டீபிள்சேஸ் ஷூவின் மேல்பகுதி மெல்லிய வலைபோல இருக்கும். தண்ணீர் தேங்கும் ஷூ கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவதுபோல.

இப்போது சாப்ளேயின் ஓட்டத்துக்கு வருவோம். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம், மாண்ட்வா கிராமம். 1994ல் பிறந்தவர், விவசாயக் குடும்பம். பேருந்து இல்லாததால் பள்ளிக்கு 6 கிலோமீட்டர் நடையும் ஓட்டமுமாகப் போனவர். 12ஆம் வகுப்பு முடித்ததும் ராணுவத்தில் மஹார் ரெஜிமென்டில் சேர்ந்தார். சியாச்சின், ராஜஸ்தான், சிக்கிம் என்று பணி. 2015ல்தான் ராணுவத்தின் கிராஸ் கன்ட்ரி போட்டிகளில் ஓடத் தொடங்கினார். பயிற்சியாளர் அம்ரிஷ் குமார் சொல்லி 2017ல் ஸ்டீபிள்சேஸுக்கு மாறியபோது வயது 22. பள்ளிப் பருவத்திலேயே தடை தாண்டிப் பழகுகிற நாடுகளோடு ஒப்பிட்டால் இது மிகவும் தாமதம்.

அப்போது இந்திய சாதனை கோபால் சைனி 1981ல் டோக்கியோவில் ஓடிய 8:30.88. 2018ல் புவனேஸ்வரத்தில் சாப்ளே 8:29.80 ஓடினார். 37 வருடச் சாதனை 1.08 வினாடியில் விழுந்தது. அதன் பிறகு அதே சாதனையை அவரே தேய்த்துக்கொண்டே போனார்: 2019ல் 8:28.94, 8:25.23, 8:21.37, 2021ல் 8:20.20, 8:18.12, 2022ல் 8:16.21, 8:12.48, 8:11.20; 2024 ஜூலையில் பாரிஸ் டைமண்ட் லீக்கில் 8:09.91. மொத்தம் 10 முறை.

8:29.80க்கும் 8:09.91க்கும் இடையில் 19.89 வினாடி. 400 மீட்டருக்கு 68 வினாடி என்ற வேகத்திலிருந்து 65.3 வினாடி வேகத்துக்கு வந்திருக்கிறார். ஒரு சுற்றுக்கு 2.65 வினாடி. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் இதைப் பிடிக்க இரண்டு பக்கமும் வேலை நடந்திருக்க வேண்டும். ஒன்று, தடையில்லாத வேகம்: அவர் 2020ல் டெல்லியில் அரை மாரத்தானை 1:00:30ல் முடித்து, 61 நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியர் ஆனார். 2022ல் 5000 மீட்டரில் பகதூர் பிரசாத்தின் 30 வருடச் சாதனையை 13:25.65 ஓடி உடைத்து, அடுத்த ஆண்டு 13:19.30க்குக் கொண்டுபோனார். இரண்டாவது, தடைகளில் வேகம் இழக்காமல் இருப்பது. அடித்தள வேகம் இல்லாமல் தாவல் மட்டும் அழகாக இருந்து பயனில்லை, மாறாகவும் அப்படியே.

சரி, நேரம் இவ்வளவு ஒழுங்காகக் குறைந்தால் பதக்கமும் ஒழுங்காக வர வேண்டாமா? இங்கேதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் குழம்புகிறார்கள்.

டைமண்ட் லீக்கில் பெரும்பாலும் பேஸ்மேக்கர் இருப்பார். முதல் இரண்டு கிலோமீட்டரைச் சொன்ன வேகத்தில் இழுத்துக்கொடுத்துவிட்டு விலகுவார். அவர் பின்னால் ஒட்டிக்கொண்டால் நேரம் வரும். சாப்ளே 8:09.91 ஓடிய நாளில் அவருக்கு 6வது இடம். வென்றவரின் நேரம் 8:02.36. ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலும் பேஸ்மேக்கர் கிடையாது. முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள யாருக்கும் மனம் வராது. கூட்டமாக மெதுவாக ஓடி, கடைசி 600 மீட்டரில் பாய்வார்கள். 2022 யூஜின் உலகப் போட்டியில் மொராக்கோவின் சூஃபியான் எல் பக்காலி 8:25.13ல் தங்கம் வென்றார், சாப்ளே 8:31.75ல் 11வது. 3 வாரம் கழித்து பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் அதே சாப்ளே 8:11.20. 3 வாரத்தில் ஒருவர் 20 வினாடி முன்னேறமாட்டார். ஓட்டத்தின் வகை மாறியது. இதன் உச்சம் 2025 டோக்கியோ உலகப் போட்டி: நியூசிலாந்தின் ஜார்டி பீமிஷ் 8:33.88ல் உலகச் சாம்பியன் ஆனார். 1981ல் கோபால் சைனி ஓடிய நேரத்தைவிட அது 3 வினாடி மெதுவு! அதற்காக அன்றைய சைனி இன்றைக்கு உலகச் சாம்பியன் ஆகியிருப்பார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைசிச் சுற்றின் வேகம்தான் அங்கே பதக்கம்.

தகுதிச் சுற்றின் விதியும் ஒருவரின் தலையெழுத்தை மாற்றும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒவ்வொரு ஹீட்டிலும் (தகுதி ஓட்டத்திலும்) முதல் 3 பேர், பிறகு மொத்தத்தில் வேகமான 6 பேர் என்பது விதி. சாப்ளே இரண்டாவது ஹீட்டில் 8:18.12 ஓடி 7வதாக வந்தார். புதிய தேசிய சாதனை. மூன்றாவது ஹீட்டில் நேரடியாகத் தகுதி பெற்ற மூவரையும்விட வேகம். ஆனாலும் வெளியே. இதற்கு நேர்மாறாக 2019 தோஹா உலகப் போட்டியில், ஹீட்டில் முன்னால் விழுந்தவர்களிடம் சிக்கித் தடைபட்டார்; இந்திய அணி முறையிட்டது; நடுவர்கள் ஏற்று இறுதிப் போட்டியில் கூடுதல் ஆளாகச் சேர்த்தார்கள். அந்த இறுதியில் 8:21.37 ஓடி 13வதாக வந்து, டோக்கியோ ஒலிம்பிக் தகுதியையும் அதிலேயே எடுத்துக்கொண்டார்.

பின்னர் விதி மாறி, ஹீட்டுக்கு முதல் 5 பேர் மட்டும், நேரத்துக்கு மதிப்பில்லை என்றானது. 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 7வது, அதனால் வெளியே. 2024 பாரிஸில் 8:15.43 ஓடி சரியாக 5வது. ஒலிம்பிக் ஸ்டீபிள்சேஸ் இறுதிக்குப் போன முதல் இந்திய ஆண் அவர்தான். (பெண்களில் லலிதா பாபர் 2016 ரியோவிலேயே இறுதி ஓடி 10வதாக வந்துவிட்டார், இது அடிக்கடி மறந்துபோகிறது.) பாரிஸ் இறுதியில் சாப்ளே 8:14.18, 11வது. எல் பக்காலி 8:06.05ல் தங்கம். அதே இறுதியின் கடைசிச் சுற்றில்தான் உலக சாதனையாளர் கிர்மா தடையில் கால் மாட்டி விழுந்து ஸ்ட்ரெச்சரில் போனார். எத்தனை தடைகளைத் தாண்டியிருந்தாலும் அடுத்தது அடுத்ததுதான்.

சாப்ளேயின் ஓட்டங்களில் ஒன்றே ஒன்றை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் பர்மிங்ஹாம், 2022 ஆகஸ்ட் 6. அதன் எடை புரிய கென்யாவைப் பற்றி ஒரு வரி. 1968 முதல் 2016 வரை, தான் கலந்துகொண்ட எல்லா ஒலிம்பிக்கிலும் ஆண்கள் ஸ்டீபிள்சேஸ் தங்கத்தைக் கென்யாதான் வாங்கியது. 1976, 1980 புறக்கணிப்பு ஆண்டுகள் மட்டும் விதிவிலக்கு. காமன்வெல்த்தில் 1998 முதல் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றுமே கென்யாவுக்கு. அந்த வரிசைக்குள் ஒரு இந்தியர் நுழைந்தார். கென்யர்கள் வேகத்தை ஏற்றியபோது கூடவே போனார். கடைசி நேர்கோட்டில் ஆப்ரஹாம் கிபிவோட்டை நெருங்கி, கோட்டில் 8:11.15க்கு 8:11.20. வித்தியாசம் 0.05 வினாடி. அந்த வேகத்தில் அது ஒரு முழத்துக்கும் குறைவான தூரம். 35 தாவலில் ஏதோ ஒன்றில் ஒரு அடி சுத்தமாக விழுந்திருந்தால் தங்கம். 5 ஒலிம்பிக்கை அலசுவதைவிட இந்த ஒரு ஓட்டத்தைப் பார்த்தால் ஸ்டீபிள்சேஸ் புரிந்துவிடும்.

அடுத்த ஆண்டு ஹாங்ஜோவில் கதையே வேறு. ஆசியாவில் அவரோடு ஒட்டி ஓட ஆள் இல்லை. தானே முன்னால் போய், தனியாக ஓடி 8:19.50, ஆசிய விளையாட்டுச் சாதனையோடு தங்கம். ஆசிய விளையாட்டு ஸ்டீபிள்சேஸில் இந்திய ஆண் வாங்கிய முதல் தங்கம் அது. 5000 மீட்டரில் வெள்ளியும். 2025ல் குமியில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம், 8:20.92.

அவருடைய புகழ் ஏன் மெதுவாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஈட்டி எறிதலில் ஒரு எறிதலை 5 வினாடி வீடியோவாகக் காட்டிவிடலாம். 8 நிமிட ஓட்டத்தை அப்படி வெட்ட முடியாது. டைமண்ட் லீக்கில் 6வது இடம் என்றால் தலைப்புச் செய்தி கிடையாது. உண்மையில் அவருடைய மிகப் பெரிய வேலை அந்த 6வது இடத்தில்தான் நடந்தது. இந்தியாவில் இந்த ஓட்டத்தின் பெயர் பலருக்குத் தெரிந்ததே, 7 முறை தேசியச் சாம்பியனாக இருந்து பின்னர் சம்பல் பள்ளத்தாக்கில் துப்பாக்கி தூக்கிய ராணுவ வீரர் பான் சிங் தோமரின் கதை வழியாகத்தான். அவரும் ராணுவம், சாப்ளேயும் ராணுவம். தினமும் ஓடவைத்து, சாப்பாடும் சம்பளமும் கொடுக்கும் இடம் நம் நாட்டில் வேறு குறைவு என்பதே இதற்குக் காரணம்.

உயரமான ஊர்களில் பயிற்சியும் இந்தப் பயணத்தின் ஒரு பகுதி. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில், கடல்மட்டத்துக்கு 1,800 மீட்டருக்கும் மேல், ஸ்காட் சிம்மன்ஸிடம் பயிற்சி பெற்றார். காற்றில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் வாரக்கணக்கில் இருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் கூடும். கீழே இறங்கி ஓடும்போது அது உதவும். நம் ஊட்டியும் 2,200 மீட்டருக்கு மேல் என்பதால் இந்திய நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அடிக்கடி முகாமிடும் இடம்தான்.

பள்ளி, கல்லூரியில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு: 18 வயதுக்குக் கீழே தூரம் 2000 மீட்டர், 18 தடை, 5 தண்ணீர். முதல் சில வாரம் கனத்த தடையின் பக்கமே போக வேண்டாம். சாயும் தடையை 76 சென்டிமீட்டரில் வைத்து, ஜாகிங் வேகத்தில் இரண்டு காலிலும் மாற்றி மாற்றித் தாண்டிப் பழக வேண்டும். தண்ணீர்த் தாவலை நீளம் தாண்டும் மணல் குழியில் கற்கலாம்: குழியின் ஓரத்தில் ஆடாத கட்டை ஒன்றை வைத்து, அதில் கால் பதித்து மணலில் இறங்க வேண்டும். மணலில் விழுந்த தடத்தை அளந்து பார்த்தால் தள்ளி விழுகிறோமா, நேராக விழுகிறோமா என்று உடனே தெரியும். ஒரு தப்பை எல்லோரும் செய்கிறார்கள்: உடம்பு புத்துணர்ச்சியாக இருக்கும்போது மட்டும் தாண்டிப் பழகுவது. போட்டியில் 25வது தடைக்கு வரும்போது தொடை தூக்கவே தூக்காது. அதனால் 800 மீட்டர், 1000 மீட்டர் ஓடிக் களைத்த பிறகு தடைகளை வைத்துத் தாண்ட வேண்டும். அப்போது வெளியே வரும் பழக்கம்தான் போட்டியிலும் வரும்.

2025 ஜூலையில் மொனாக்கோ டைமண்ட் லீக்கில் சாப்ளே தண்ணீர்த் தடையில் விழுந்தார். முழங்காலின் முன் தசைநார் கிழிந்தது, உள்ளிருக்கும் குருத்தெலும்பு வட்டும் சேதம். அறுவை சிகிச்சை. டோக்கியோ உலகப் போட்டி போயிற்று. தண்ணீர்க் குழி ஏன் முழங்காலுக்கு இவ்வளவு கொடியது என்றால், சட்டத்தின் மேலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து, முழு வேகத்தில், ஒற்றைக் காலில், ஈரமான சரிவில் இறங்க வேண்டும். பாதம் லேசாகத் திரும்பினாலும் முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும். இந்தக் காயத்திலிருந்து திரும்பும் ஸ்டீபிள்சேஸ் வீரருக்கு வரிசை ஒன்றுதான்: முதலில் நேர்ப் பாதையில் மெதுவான ஓட்டம், பிறகு வேகம், பிறகு வளைவு, பிறகு தாழ்ந்த தடை, பிறகு முழு உயரத் தடை. தண்ணீர் கடைசியாக.